இணையதளம் வடிவமைப்பவர்களே, உங்களை இன்னும் உறுத்துகிற பயனர் யார்?

குளச்சல்காரன்:
கேட்டவனே முதலில் சொல்கிறேன். குளச்சலில் மீன் ஏலம் முடிந்த நேரம், நல்ல வெயில். மீன் விற்கும் அக்கா ஒருவர் போனில் ஏதோ மானியப் படிவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் எழுத்து. முந்தானையை இழுத்துத் தலையையும் போனையும் சேர்த்து மூடிக்கொண்டு, உள்ளேயிருந்தே, "மக்களே, இதில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துச் சொல்" என்றார். நான் குனிவதற்குள் அவர் விரல் பட்டு ஓர் எழுத்து விழுந்துவிட்டது. கட்டத்துக்குள் இருந்த குறிப்பு மறைந்தது. கேட்டது படகு எண்ணா, வங்கிக் கணக்கு எண்ணா? இருவருக்கும் தெரியவில்லை.

எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்பது நமக்கெல்லாம் பாடம். ஏசி அறையில், பெரிய திரையில் 2:1கூட அழகாகத்தான் தெரிகிறது. அந்தத் தளம் யார் செய்ததோ. ஆனால் அதே சாம்பல் நிறத்துக்குத்தான் எங்கள் அலுவலகத்திலும் கைதட்டல்.

மார்த்தாண்டம் வாத்தியார்:
ஓர் இணையப் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம், குறைந்தது மூன்று எழுத்து. என் மாமாவுக்கு இருப்பதோ ஒரு பெயரும் முன்னால் ஓர் இனிஷியலும். கணினி மையத்துப் பையன் யோசிக்கவே இல்லை. 'எஸ்எஸ்எஸ்' என்று தட்டினான், பச்சை டிக் விழுந்தது. வந்த அட்டையில் மாமாவின் பெயருக்குப் பின்னால் பாம்பு சீறுவதுபோல் எஸ்எஸ்எஸ். பாஸ்புக்கில் இருப்பது வேறு என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம்தான். மற்ற படிவங்களுக்கு மட்டும் இரண்டு எதற்கு?

தக்கலை டெவலப்பர்:
குளச்சல் தம்பி, நிறத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். ஆகாது. அந்த அக்காவுக்கு எழுத்து பளிச்சென்று தெரிந்திருந்தாலும் அடுத்த திரையில் ஓடிபி கேட்டிருக்கும்.

நான் பார்த்தது அதுதான். பெரியவர் இங்கே கணினி மையத்தில். கணக்கோடு இணைத்த எண் ஷார்ஜாவில் வேலை பார்க்கும் மகனிடம். மகன் போனை எடுத்து எண்ணைச் சொல்லி, இவர் காகிதத்தில் எழுதி, பையன் தட்டுவதற்குள் பக்கம் காலாவதி. மறுபடி முதல் கட்டத்திலிருந்து. பெரியவர் திட்டவில்லை. மகனிடம், "நீ வேலையைப் பார் மோனே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இதற்கெல்லாம் வழி எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள். நேரம் முடியப்போகிறது என்று முன்கூட்டியே எச்சரித்து, நீட்டிக்க 20 விநாடியாவது கொடுக்க வேண்டும் என்று, எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் அமைப்பதற்கான உலக வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி. சொல்கிறது. 2023இல் வந்த அதன் 2.2 பதிப்பு, தொடும் இடம் 24க்கு 24 பிக்சலாவது இருக்கட்டும் என்கிறது. எனக்கு அது போதாது. ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் 48ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். ரப்பர் பால் வெட்டிக் காய்த்துப்போன கட்டைவிரலை நினைத்துப் பாருங்கள். ஓடிபி கட்டத்தில் நகலெடுத்து ஒட்டுவதைத் தடுக்காதீர்கள். குறிப்பைக் கட்டத்துக்குள் வைக்காமல் மேலே எழுதுங்கள். 'தவறான உள்ளீடு' என்று சிவப்பில் கத்தாமல், எது தவறு, எப்படித் திருத்துவது என்று சொல்லுங்கள். தட்டியதைத் தயவுசெய்து அழிக்காதீர்கள். ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் தமிழைத் திணித்தால் பாதிச் சொல் வெளியே நிற்கும். வரிகளை நெருக்கினால் கொம்பும் சுழியும் மேல்வரியில் இடிக்கும்.

அப்புறம் சோதனை. ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை நிபுணர் யாக்கோப் நீல்சன் 2000இல் எழுதினார். எல்லாரும் அந்த 'ஐந்தை' மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 15 பேருக்குப் பணமிருந்தால் ஐந்து ஐந்தாக மூன்று சுற்று, இடையிடையே திருத்தம் என்பதுதான் அவர் சொன்னது. பயனர்கள் வெவ்வேறு வகையென்றால் ஒவ்வொரு வகையிலும் ஆள் வேண்டும் என்றும் சொன்னார். குளச்சல் வலைக்காரர், திருவட்டாறு ரப்பர்க்காரர், தோவாளை பூக்காரர் மூவரும் ஒரே வகையா?

குளச்சல்காரன்:
அண்ணே, நிறத்தை மாற்றினால் போதும் என்று நான் எங்கே எழுதினேன்? நடந்ததைச் சொன்னேன். நீங்கள்தான் அனுபவம் கேட்ட இடத்தில் வகுப்பு எடுத்துவிட்டீர்கள். இருந்தாலும் ஷார்ஜா கதை உறுத்துகிறது. எச்சரிக்கை காட்டினாலும் அந்தப் பெரியவருக்கு என்ன பயன்? ஓடிபி போகிற எண்ணை மாற்ற வழி இருந்ததா? எண்ணை மாற்றவும் பழைய எண்ணுக்குத்தான் ஓடிபி போகும் என்றால், அது பொத்தானின் அளவை மாற்றித் தீர்கிற விஷயமில்லை.

முக்கடல் விடுதி:
நான் வடிவமைப்பாளன் இல்லை, கன்னியாகுமரியில் சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறேன். எங்கள் தளத்தைத் திறந்தால் 133 அடி வள்ளுவர் சிலையைச் சுற்றி வட்டமடிக்கும் வீடியோ. பிரமாதம்தான். போன வாரம் ராத்திரி ரயிலில் வந்த குடும்பம், குழந்தை தோளில் தூங்க, ஸ்டேஷன் வாசலில் நின்று அந்த வீடியோ சுழல்வதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. சிக்னல் இல்லை. போன் எண் அதற்குக் கீழே, அதுவும் படமாக. தொட்டால் அழைப்பு போகாது. ஒருவர் எண்ணைப் படிக்க, இன்னொருவர் தட்ட, நடுவில் ஓர் இலக்கம் மாறி யாரோ ஒரு புண்ணியவானை எழுப்பிவிட்டார்கள்.

வீடியோவை எடுங்கள் என்றால், "அதுதானே சார் தளத்தின் முகம்" என்கிறார் செய்து கொடுத்தவர். தக்கலை அண்ணன் சொன்ன ஐந்து பேரில் ஒருவராக அந்தக் குடும்பத் தலைவரை உட்காரவைக்கலாமா? அவர் எண் என்னிடம் இருக்கிறது.