வெங்காய வேர்நுனி ஸ்லைடில் குரோமோசோம்கள் தெரியவில்லை: சாயத்தை மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஆய்வகத்தாள், சுவா சூ காங்

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் உள்ள ஒரு தொடக்கக் கல்லூரியில் உயிரியல் ஆய்வக உதவியாளராகப் பணிபுரிகிறேன். வெங்காய வேர்நுனியில் உயிரணுப் பிரிவின் நிலைகளை மாணவர்கள் தாங்களே ஸ்லைடு செய்து பார்க்க வேண்டும் என்று ஆசிரியர் விரும்புவதால், அந்தச் செய்முறையை முன்கூட்டியே செய்து பார்த்து வருகிறேன். தேக்கா சந்தையில் வாங்கிய பெரிய வெங்காயங்களைத் தண்ணீர்க் குவளைகளின் வாயில் பல்குச்சிகளால் தாங்கி வைத்து, வேர் விட்டதும் வெட்டி, மூன்று பங்கு எத்தனாலும் ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் ஓர் இரவு ஊற வைத்தேன். மறுநாள் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவி, அசிட்டோ ஆர்சீன் சாயம் விட்டு, கவர் ஸ்லிப்பால் மூடி நசுக்கினேன்.

உயிரணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. உட்கருவும் அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசமும் ஏறத்தாழ ஒரே வெளிர்சிவப்பாக இருப்பதால் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தெளிவாகத் தெரிகிற சில உயிரணுக்களோ நீண்ட செவ்வகங்களாக இருக்கின்றன. அவற்றில் குரோமோசோம் என்று சுட்டிக்காட்ட எதுவுமே இல்லை. சாயம் பழையதாகிவிட்டது என்று நினைத்து, புதிய புட்டி வாங்க விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிட்டேன். அதை அனுப்புவதற்கு முன் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: வேர்நுனி, கிளமெண்டி

அம்மா, விண்ணப்பத்தைச் சற்று நிறுத்தி வையுங்கள். சாயம் வேலை செய்கிறதா என்பதைச் சில நிமிடங்களிலேயே தெரிந்துகொள்ளலாம். வெங்காயச் செதிலின் உட்புறத்து மெல்லிய தோலை உரித்து, அதன்மீது அதே ஆர்சீனில் ஒரு சொட்டு விட்டுச் சிறிது நேரம் பொறுத்துப் பாருங்கள். அங்கே உட்கருக்கள் செந்நிறப் புள்ளிகளாக எடுத்துத் தெரிந்தால் புட்டியில் குறை இல்லை. சாயத்துக்கு முன்னுள்ள படிகளில்தான் தேட வேண்டும்.

மூன்று செய்திகள் தெரிந்தால் மேற்கொண்டு சொல்ல எளிதாக இருக்கும். வேரை ஓர் இரவு ஊற வைத்த எத்தனால், அசிட்டிக் அமிலக் கலவையை, அதாவது நிலைப்படுத்தும் கலவையை, எப்போது கலந்தீர்கள்? அமிலம் எந்த வெப்பநிலையில் இருந்தது? வேரின் எந்தப் பகுதி கவர் ஸ்லிப்புக்கு அடியில் சென்றது? குறிப்பாக அமிலத்தைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம், உயிரணுக்கள் குவிந்து கிடக்கின்றன என்று நீங்கள் எழுதியிருப்பதுதான்.

ஆய்வகத்தாள்

உடனே பதிலளித்ததற்கு நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடி தோலை உரித்துப் பார்த்தேன். உட்கருக்கள் நன்றாகவே சிவந்து தெரிகின்றன. நிலைப்படுத்தும் கலவை, அலமாரியில் சென்ற தவணையிலிருந்தே இருந்த புட்டி. அமிலம் அறை வெப்பநிலையில் இருந்தது. எங்கள் ஆயத்த அறையில் நாள் முழுவதும் குளிர்சாதனம் ஓடுகிறது. வேரில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளத்தை அப்படியே வைத்து நசுக்கினேன்.

பதில்: பழைய வில்லை, தோ பாயோ

வணக்கம். நான் பணி ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் அசிட்டோகார்மைன்தான் பழக்கம். 1921இல் ஜான் பெல்லிங் அந்தச் சாயத்தோடு சிறிது இரும்பைச் சேர்த்தால் குரோமோசோம்கள் கருமையாகத் தெரியும் என்று காட்டிய பிறகு, துருப்பிடித்த ஊசியால் திசுவைச் சாயத்துக்குள்ளேயே கிளறுவது ஆய்வகங்களில் வழக்கமாகிவிட்டது. வெளிர்சிவப்பாக இருந்த துளி ஊசி பட்ட இடத்திலிருந்து மெல்லக் கருஞ்சிவப்பாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஊதா நீலமாகத் திரும்பினால் இரும்பு மிகுந்துவிட்டது என்று பொருள். உங்கள் ஆர்சீனிலும் அவ்வாறு செய்து பாருங்களேன், அம்மா.

பதில்: வேர்நுனி, கிளமெண்டி

ஐயாவின் அனுபவத்துக்கு மதிப்பளித்தே மாறுபடுகிறேன். கார்மைனுக்கு இரும்பு துணை நிற்கும் என்பது உண்மை. ஆனால் 1941இல் லா கூர் (La Cour) என்ற ஆய்வாளர் அறிமுகப்படுத்திய அசிட்டோ ஆர்சீனுக்கு இரும்பு தேவையில்லை. அது இரும்பில்லாமலேயே குரோமோசோமைப் பற்றிக்கொள்ளும். மேலும் தோல் சோதனையில் சாயம் தேறிவிட்டதால், அதைத் திருத்துவதில் நேரம் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

இங்கே முதல் ஐயம் நிலைப்படுத்தும் கலவையின்மேல்தான். எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் ஒரே புட்டியில் நாள்பட இருந்தால் ஒன்றோடொன்று வினைபுரிந்து எத்தில் அசிட்டேட்டாக மாறத் தொடங்கும். வெட்டிய வேரைப் பழைய கலவையில் போட்டால், உயிரணுக்களைப் பிரியும் நிலையிலேயே விரைந்து கொல்ல வேண்டிய திரவம் அந்த வேகத்தை இழந்திருக்கும். எனவே தேவைப்படும் அன்றைக்கு, தேவையான அளவை மட்டும் புகைபோக்கும் பெட்டிக்குள் கலந்துகொள்ளுங்கள். கிளேசியல் அசிட்டிக் அமிலம் ஏறத்தாழ 16.6 பாகை செல்சியசிலேயே உறைந்துவிடும் என்பதால், அந்தப் புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டாம்.

அடுத்தது அமிலம், இதுதான் முதன்மையான காரணம் என்று நினைக்கிறேன். அது ஏன் என்று மாணவர்களுக்கும் விளக்க வேண்டியிருக்கும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தாவர உயிரணுக்களை அண்டை உயிரணுக்களோடு ஒட்டி வைத்திருப்பது, அவற்றின் சுவர்களுக்கு இடையே நடுத்தட்டு என்னும் மெல்லிய அடுக்கிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருள். சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைக் கரைத்துவிடுவதால்தான், நசுக்கும்போது உயிரணுக்கள் விலகி ஒற்றைப் படலமாகப் பரவுகின்றன. குளிர்சாதன அறையின் வெப்பநிலையில் 1 மோலார் அமிலத்துக்கு ஐந்து நிமிடம் போதாது. அமிலமுள்ள சோதனைக்குழாயை 60 பாகை நீர்த்தொட்டியில் முன்னதாகவே வைத்து, உள்ளிருக்கும் அமிலமே 60 பாகையை எட்டிய பிறகு வேரைப் போட்டு ஐந்து நிமிடம் எண்ணுங்கள். குளிர்ந்த அமிலத்தில் வேரைப் போட்டுவிட்டுக் குழாயைத் தொட்டியில் இறக்கினால், அந்த ஐந்து நிமிடத்தின் பெரும்பகுதி அமிலம் சூடாவதிலேயே கழிந்துவிடும். மிகைப்படுத்தவும் கூடாது, நேரம் நீண்டால் டி.என்.ஏ.வே சிதைந்து கசியத் தொடங்கி, உட்கரு வெளுக்கும்.

மூன்றாவது, எடுத்த பகுதி. உயிரணுப் பிரிவு நிகழும் ஆக்குத்திசு, வேர்மூடியை ஒட்டிய கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கிறது. அதற்கு மேலே உயிரணுக்கள் நீள்கின்றனவே தவிரப் பிரிவதில்லை. நீங்கள் பார்த்த நீண்ட செவ்வகங்கள் அவைதாம். அமிலத்திலிருந்து எடுத்துத் தண்ணீரில் கழுவிய வேரைக் கறுப்புத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். நுனி மட்டும் பால் வெண்மையாக அடர்ந்தும், மேற்பகுதி கண்ணாடிபோல் ஒளி ஊடுருவியும் இருக்கும். வெண்மையான நுனியை மட்டும் சவர அலகால் வெட்டி எடுத்து, மீதியைத் தயங்காமல் விலக்கிவிடுங்கள். கவர் ஸ்லிப்பின்மேல் வடிதாளை மடித்து வைத்து, பென்சிலின் மழுங்கிய முனையால் தட்டிய பிறகு, கட்டைவிரலால் நேராகக் கீழ்நோக்கி மட்டும் அழுத்துங்கள். விரல் சிறிது பக்கவாட்டில் நகர்ந்தாலும் உயிரணுக்கள் உருண்டு சிதைந்துவிடும்.

பதில்: உட்லண்ட்ஸ் ஆசிரியை

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் வெங்காயத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே! சந்தைக்கு வரும் பெரிய வெங்காயங்களில் சில, கிடங்கில் முளைத்துவிடாமல் இருக்கும் பொருட்டு, அறுவடைக்கு முன்பே மாலியிக் ஹைட்ரசைடு தெளிக்கப்பட்டவையாக இருக்கும். கதிர்வீச்சு செலுத்தப்பட்ட வெங்காயங்களும் உண்டு. மாலியிக் ஹைட்ரசைடு உயிரணு நீள்வதைத் தடுக்காது, பிரிவதைத்தான் தடுக்கும். ஆகவே சிறிதளவு வேர் விட்டுப் பிறகு அப்படியே நின்றுவிடுகிற வெங்காயத்தில், செய்முறையை எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் குரோமோசோம்களைத் தேடிக் கண் வலிப்பதுதான் மிச்சம். சின்ன வெங்காயத்தையோ பூண்டையோ உடன் வளர்த்துப் பாருங்கள். மூன்றிலுமே உயிரணுவுக்கு 16 குரோமோசோம்கள் என்பதால் ஆசிரியரின் பாடத்திட்டமும் மாறாது.

தண்ணீர் கிழங்கின் அடித்தட்டைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும். அதை நாள்தோறும் மாற்றுங்கள். நம் ஊர் வெப்பத்தில் தேங்கிய தண்ணீர் விரைவில் கெட்டு, வேர்கள் பழுப்பாகிவிடும். வெட்டும் நேரத்தைப் பற்றிச் செய்முறைக் குறிப்புகள் பலவாறாகச் சொல்வதால், காலையில் ஒரு தொகுதியும் நண்பகலில் ஒரு தொகுதியும் வெட்டித் தனித்தனியே பெயரொட்டி வைத்தால், உங்கள் அறைச் சூழலுக்கு எது பொருந்துகிறது என்று நீங்களே அறிவீர்கள்.

ஆய்வகத்தாள்

ஐயாவுக்கும் ஆசிரியை அவர்களுக்கும் மிக்க நன்றி. புதிதாகக் கலந்த கலவை, 60 பாகை அமிலம், வெண்மையான நுனி என்று அனைத்தையும் கடைப்பிடித்ததில் உயிரணுக்கள் பிரிந்து ஒற்றைப் படலமாக விழுந்தன; அதே பழைய புட்டிச் சாயத்திலேயே உட்கருக்கள் கருஞ்சிவப்பாக எழுந்து நின்றன. பெரிய வெங்காயத்தில் மட்டும் இப்போதும் பிரிவு நிலை எதுவும் கிட்டவில்லை; வேர்களும் குட்டையாகவே நின்றுவிட்டன. சின்ன வெங்காயத்திலோ ஒரே பார்வைப் புலத்தில் நடுக்கோட்டில் வரிசையாக நிற்கும் குரோமோசோம்களும், இரு துருவங்களை நோக்கி விலகும் இரண்டு தொகுதிகளும் கிடைத்தன. அவற்றைப் படமெடுத்து ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஸ்லைடின் விளிம்பில் கறுப்புத் துகள்கள் சிதறிக் கிடக்கின்றன. மாணவர்கள் அவற்றைக் குரோமோசோம் என்று வரைந்துவிடக்கூடும். வேர்களை முன்கூட்டியே தயாரித்துச் சேமித்து வைக்கலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில்: பழைய வில்லை, தோ பாயோ

அவை சாயத்தின் வீழ்படிவு. ஆர்சீனைப் பயன்படுத்தும் நாளன்று வடிதாளில் வடிகட்டிவிடுங்கள். குளிர்சாதன அறையின் உலர்ந்த காற்றில் கவர் ஸ்லிப்பின் ஓரத்திலிருந்து அமிலம் ஆவியாகும்போதும் துகள்கள் படியும். ஓரத்தில் 45 விழுக்காட்டு அசிட்டிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் அது குறையும். மாணவர்களிடம் நுண்ணோக்கியின் நுண்திருகை மெல்லத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்: துகள்கள் உயிரணுக்களுக்கு வெளியிலும் வெவ்வேறு தளங்களிலும் கூர்மையாகும்; குரோமோசோம்கள் உயிரணுச் சுவருக்குள்ளேயே, ஏறத்தாழ ஒரே தளத்தில் நிற்கும்.

பதில்: வேர்நுனி, கிளமெண்டி

சேமிக்கலாம் அம்மா. ஓர் இரவு நிலைப்படுத்திய பிறகு வேர்களை 70 விழுக்காட்டு எத்தனாலுக்கு மாற்றி, இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். எத்தனால் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால், அது ஆய்வகத்துக்கென்று ஒதுக்கப்பட்ட, உள்ளே தீப்பொறி எழாத பெட்டியாக இருக்க வேண்டும். பல வாரங்கள் வரை கவலையின்றிப் பயன்படுத்தலாம். அமிலத்தில் இடும் படியை மட்டும் வகுப்பு நடக்கும் நாளுக்கே விட்டுவிடுங்கள். அமிலம் பட்ட வேர்கள் மென்மையாகி, இடுக்கியால் எடுக்கும்போதே நுனி உதிர்ந்துவிடும்.