முதியவரின் இரத்த அழுத்த மாத்திரைகள்: மருந்தாளுநரிடம் கேட்கலாமா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை)
அப்பாவுக்கு 74 வயது. இரத்த அழுத்தத்துக்குக் கோயம்புத்தூரிலும் சர்க்கரைக்குப் பாலக்காட்டிலும் வெவ்வேறு மருத்துவர்களிடம் காட்டுவதால், இரண்டு சீட்டு மருந்துகளும் ஒரே டப்பாவில் கிடக்கின்றன. சில வாரங்களாகக் காலையில் எழுந்து நின்றதும் தலைசுற்றுகிறது என்கிறார். இதை மருந்துக்கடையில் கேட்பது முறையாகுமா?

மறுமொழி (மருந்தாளுநர், சித்தூர்)
தாராளமாகக் கேளுங்கள் ஐயா. வாங்குபவருக்கு மருந்தைப் பற்றி விளக்குவது, 2015ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் ஒழுங்குமுறை விதிகளின்படி எங்கள் கடமை. சீட்டை மட்டும் எடுத்துச் செல்லாமல் டப்பாவையே கொண்டுபோங்கள். அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வணிகப் பெயர் வேறாக இருந்தாலும், சிறிய எழுத்தில் இரண்டிலும் ‘டெல்மிசார்டன் 40 மி.கி.’ (இரத்த அழுத்த மருந்து) என்றே இருப்பதைத் தமிழக-கேரள எல்லைப்பகுதியில் அடிக்கடி பார்க்கிறேன். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறுநீரகப் பாதுகாப்புக்காகவும் அதே மருந்தை எழுதுவதுண்டு. உட்கார்ந்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மூட்டுவலிக்கு டைக்குளோஃபெனாக் சாப்பிடுகிறாரா என்பதையும் சொல்லுங்கள். அது அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அளவை மாற்றும் உரிமை எங்களுக்கு இல்லை. நீங்களாகவும் எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

மறுமொழி (வாளையார்)
கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உரிய அனுமதி பெற்ற மருந்தாளுநர்கள் மருந்து எழுதவே முடியும். 2016இல் வெளியான அங்குள்ள ஆய்வொன்றில், 56 மருந்தகங்களில் 723 பேரைச் சேர்த்துப் பார்த்தபோது, மருந்தாளுநரின் தொடர் கவனிப்பில் இருந்தவர்களுக்கு இதயநோய் அபாயம் மூன்றே மாதத்தில், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட 21 சதவீதம் குறைந்தது. அது கணக்கிட்டுப் பெற்ற அபாய அளவுதானே தவிர, தவிர்க்கப்பட்ட மாரடைப்புகளின் எண்ணிக்கை அல்ல. முதியோருக்கென்றே நடந்த ஆய்வும் அல்ல. ஆனாலும் மாதந்தோறும் நோயாளியைப் பார்க்கிறவர் மருந்துக்கடைக்காரர்தான் என்பதால், நம் ஊரிலும் அவருக்கு இதில் முறையான பங்கு தரப்பட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்டவர்
இரண்டு அட்டையிலும் டெல்மிசார்டன்தான் இருந்தது. உட்கார்ந்தபோது 132, நின்றபோது 106. கடையில் எழுதித் தந்த குறிப்பைப் பார்த்த கோயம்புத்தூர் மருத்துவர் ஒன்றை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

மறுமொழி (மருந்தாளுநர், சித்தூர்)
நல்லது. இரட்டை அளவு உள்ளே போயிருப்பதால், இரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். பாலக்காட்டு மருத்துவரின் சீட்டிலும் இந்த மாற்றத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம் அதே மாத்திரை மறுபடியும் டப்பாவுக்குள் வந்துவிடும்.