மத்தியானம் எழும்பி ராத்திரி படியும் எஸ்பிசி தரை: கீழே ஈரமா, வெயிலா?

மேற்குப் பால்கனி:
வணக்கம். சென்னையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள ஃபிளாட். போன டிசம்பரில் பழைய மொசைக் தரைமேல் எஸ்பிசி வினைல் பலகை (சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் கலந்த கெட்டிப் பலகை) போட்டோம். 5 மி.மீ. தடிமன், ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் கிளிக் லாக், பசை கிடையாது. ஹாலும் உள்ளறையும் நடுவில் பட்டை எதுவும் இல்லாமல் ஒரே ஓட்டம், மொத்தம் 9 மீட்டர் நீளம்.

மார்ச் வரை ஒரு குறையும் இல்லை. இப்போது மத்தியானம் 2 மணிக்கு மேல் பால்கனிக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் பலகைகள் சேரும் இடம் கூரை முகடு மாதிரி எழும்புகிறது. மிதித்தால் இறங்குகிறது, காலை எடுத்தால் மறுபடி மேலே வருகிறது. ராத்திரி ஏசி ஓடிய பிறகு அநேகமாகப் படிந்துவிடும். போட்டுக் கொடுத்தவர், கீழே ஈரம் ஏறுகிறது, எல்லாவற்றையும் பிரித்து வாட்டர்ப்ரூஃப் செய்யவேண்டும் என்கிறார். அம்மாவுக்கு ஏற்கெனவே முழங்கால் வலி. அந்த முகட்டில் இடறிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. உண்மையிலேயே ஈரமா?

தரை வேலை மதுரை:
தம்பி, ஈரம் நேரம் பார்த்து வேலை செய்யாது. ஈரத்தால் எழும்பியது ராத்திரியிலும் அப்படியே நிற்கும். பாத்ரூம் சுவர் ஓரத்தில்தான் முதலில் தெரியும், மக்கிய வாசனை வரும், இணைப்புகளில் வெள்ளைப் பொடி பூக்கும். உங்களுக்கு மத்தியானம் எழும்பி ராத்திரி படிகிறது, அதுவும் மேற்குக் கண்ணாடி ஓரத்தில். இது வெயிலில் நீளும் பலகை, விலக இடம் கிடைக்காமல் மேலே தள்ளிக்கொள்கிறது.

பிரிப்பதற்கு முன் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஸ்கர்ட்டிங்கை (சுவரின் அடியோரப் பட்டை) கழற்றினால் பலகைக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது? அந்த இடைவெளியில் யாராவது சிலிக்கானோ வெள்ளை சிமெண்டோ அடைத்திருக்கிறார்களா? தரைமேல் நகர்த்த முடியாத கனமான சாமான், முக்கியமாகக் கார்ப்பென்டர் வேலை ஏதும் நிற்கிறதா?

கணக்கு வாத்தியார்:
எவ்வளவு நீளும் என்று போட்டுப் பார்க்கலாம். சாதாரண கெட்டி பிவிசி ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி ஏறினால், சுமார் 0.05 முதல் 0.08 மி.மீ. வரை நீளும். எஸ்பிசியில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் தூள் என்பதால் அது குறைவாகத்தான் நீளும். 0.03 என்றே வைத்துக்கொள்வோம். 9 மீட்டர், 20 டிகிரி வித்தியாசம் என்றால் 5.4 மி.மீ. வருகிறது. பலகை போட்டது டிசம்பரில், அதாவது அது சுருங்கியிருந்த நேரத்தில். அன்றைக்கு இரண்டு பக்கச் சுவர் ஓரமும் சேர்த்து 3 மி.மீ. மட்டும் விட்டிருந்தால் மே மாதத்தில் முட்டாமல் வேறு என்ன செய்யும்?

அறையின் காற்று 36 டிகிரி இருந்தாலும், கண்ணாடி வழியாக நேர்வெயில் வாங்கும் அடர்நிறப் பலகை 50 டிகிரியைத் தாண்டும். பல கம்பெனிகள் தங்கள் குறிப்பேட்டில் அறை 18 முதல் 29 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்று போடுகின்றன. நம் ஊர் மொட்டை மாடி ஃபிளாட்டில் மே மாத மத்தியானம் ஏசி இல்லாமல் அது நடக்காது. அதனால் இங்கே இடைவெளி தாராளமாகவே வேண்டும்.

சிங்கப்பூர்வாசி:
நடுவில் ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. 2018 ஜனவரியில் மழையோடு நன்றாகக் குளிர்ந்தபோது பல வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் டைல்ஸ் திடீரென்று சத்தத்தோடு பெயர்ந்து எழும்பியது. குளிரில் எல்லாம் சுருங்கத்தானே வேண்டும், எப்படி எழும்புகிறது?

கணக்கு வாத்தியார்:
சுருங்குவதால்தான் எழும்புகிறது. கான்கிரீட் மீட்டருக்கு ஒரு டிகிரியில் சுமார் 0.01 மி.மீ. சுருங்கும், டைல்ஸ் 0.006, 0.007 அளவுதான். அடித்தளம் அதிகமாகவும் மேலே ஒட்டிய டைல்ஸ் குறைவாகவும் சுருங்கினால் டைல்ஸ் பக்கவாட்டில் நெருக்கப்படுகிறது. கான்கிரீட் காய்ந்து சுருங்குவதும், சாதாரண செராமிக் டைல்ஸ் வருடக்கணக்கில் ஈரம் வாங்கி மெல்லப் பெருப்பதும் அந்த நெருக்கத்தை முன்பே ஏற்றி வைத்திருக்கும். அடியில் பிடி தளர்ந்திருந்தால் ஒரு குளிர்ந்த ராத்திரி போதும்.

தரை வேலை மதுரை:
நான் பிரித்துப் பார்த்த வீடுகளில் காரணம் ஒன்றுதான். நான்கு மூலையில் நான்கு உருண்டை கலவை வைத்து டைல்ஸை ஒட்டியிருப்பார்கள், நடுவெல்லாம் காற்று. காசு வைத்துத் தட்டினால் பொத்பொத்தென்று கேட்கும். சுவர் ஓரத்தில் 6 மி.மீ. கூட விடாமல் முட்ட வைத்து க்ரௌட் (டைல்ஸ் இடுக்கை நிரப்பும் சிமெண்ட் கலவை) அடித்திருப்பார்கள். பெரிய ஹால் என்றால் 6, 7 மீட்டருக்கு ஒரு இடத்திலும், வெயில் விழும் பால்கனி, மொட்டை மாடியில் 3 மீட்டருக்கு ஒரு இடத்திலும் க்ரௌட்டுக்குப் பதில் நெகிழும் சீலன்ட் போடவேண்டும். வீட்டுக்காரர் கோடு அசிங்கமாகத் தெரியும் என்பார். விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் அது.

மேற்குப் பால்கனி:
அண்ணே, ஸ்கர்ட்டிங்கைக் கழற்றினோம். பால்கனிக் கதவின் அலுமினியச் சட்டத்தில் பலகை ஒட்டிக்கொண்டு நிற்கிறது, இடைவெளியே இல்லை. ஹாலின் பக்கச் சுவர்களில் விட்ட இடத்தில் வெள்ளை சிமெண்ட் அடைத்திருக்கிறது. உள்ளறையின் கோடியில் தரை முதல் கூரை வரை வார்ட்ரோப், பலகை போட்ட பிறகு அதன்மேலேயே நிறுத்திச் சுவரில் திருகியது. எழும்பிய இடத்தில் ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் ஈரமோ வாசனையோ இல்லை, காய்ந்த தூசிதான். ஆனால் அந்தப் பலகையின் லாக் நாக்கு கொஞ்சம் உடைந்திருக்கிறது.

தரை வேலை மதுரை:
அப்படியென்றால் சந்தேகமே இல்லை. ஒரு கோடியை வார்ட்ரோப் அமுக்கிப் பிடித்திருக்கிறது, மறு கோடியைக் கதவுச் சட்டம். முழுத் தரையையும் பிரிக்கத் தேவையில்லை, வாட்டர்ப்ரூஃபுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வார்ட்ரோப்பைக் கழற்றவும் வேண்டாம். அதன் முன்பக்க அடியை ஒட்டி மல்டி டூல் பிளேடால் பலகையை 8 முதல் 10 மி.மீ. அகலத்துக்கு வெட்டிப் பிரித்துவிடுங்கள். அடியில் மாட்டியது அங்கேயே கிடக்கட்டும், வெட்டை மறைக்க ஒரு பீடிங் (மெல்லிய பட்டை). கதவுச் சட்டத்திலும் அதே அளவு. வெள்ளை சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எதையும் அடைக்காதீர்கள், ஸ்கர்ட்டிங்கே மறைத்துக்கொள்ளும். ஸ்கர்ட்டிங் ஆணி சுவருக்குள்தான் போகவேண்டும், பலகைக்குள் போகக்கூடாது. அப்புறம் ஹாலுக்கும் உள்ளறைக்கும் நடுவே வாசற்படி இடத்தில் வெட்டி, இடைவெளியை மூடும் டி வடிவப் பட்டை வையுங்கள். அதன் சட்டத்தை மொசைக்கில் பிடிக்கவேண்டும். இந்த வேலை முடியும் வரை அம்மாவை அந்தப் பக்கம் நடக்கவிடாமல் நாற்காலி போட்டு மறித்து வையுங்கள்.

ஜன்னல் திரை அக்கா:
வெயிலையும் தடுக்கப் பாருங்கள். உள்ளே திரை போட்டால் பலகைக்கு நிழல் கிடைக்கும், ஆனால் சூடு கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டிருக்கும். பால்கனியில் வெளிப்பக்கம் மூங்கில் தட்டி தொங்கவிட்டால் அறையே குளிரும். கதவு ஓரத்தில் ரப்பர் அடி வைத்த மிதியடி மட்டும் வேண்டாம், வினைலில் மஞ்சள் கறை பிடிக்கும், துடைத்தாலும் போகாது.

மேற்குப் பால்கனி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கார்ப்பென்டர் வந்து வார்ட்ரோப் அடியிலும் கதவு ஓரத்திலும் வெட்டிவிட்டார். வெட்டியதுமே ஹால் பக்கம் பலகை நகர்ந்து முகடு இறங்கியதைக் கண்ணால் பார்த்தோம். டி பட்டை வாங்கியாகிவிட்டது, நாளை போடுவார். கடைசியாக ஒன்று: லாக் உடைந்த பலகையைப் பசை போட்டு ஒட்டலாமா? மிச்சப் பெட்டி கீழே கார் நிறுத்துமிடத்தில் இருக்கிறது.

தரை வேலை மதுரை:
ஒட்டவேண்டாம், அடுத்த கோடையில் அதே இடம் விட்டுக்கொடுக்கும். பெட்டியை இன்றைக்கே மேலே கொண்டுவந்து ஹாலிலேயே படுக்கையாக வையுங்கள், சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். 48 மணி நேரம் கிடந்து அறையின் சூட்டுக்குப் பழகட்டும், பிறகு மாட்டச் சொல்லுங்கள்.