1930 மாடல் ஏ காரில் வெர்மான்ட் கூரைப் பாலங்கள்: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

சாலையோரம்:

அனைவருக்கும் வணக்கம். நான் மேற்கு மாசசூசெட்ஸில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு 1930ஆம் ஆண்டின் ஃபோர்டு மாடல் ஏ கார் ஒன்றை வாங்கி, எஞ்சின், கார்புரேட்டர், டயர் என ஒவ்வொன்றாகச் சரிசெய்து ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இதுவரை வீட்டைச் சுற்றி இருபது மைலுக்குள்தான் ஓட்டியிருக்கிறேன்.

அக்டோபர் தொடக்கத்தில் மனைவியுடன் மூன்று நாள் வெர்மான்ட் சென்று, அங்குள்ள கூரை வேய்ந்த பழைய மரப்பாலங்களைப் பார்க்க விரும்புகிறேன். அவற்றை இந்தக் காரிலேயே கடந்து போக வேண்டும் என்பதுதான் உண்மையான ஆசை. நூற்றைம்பது வயதான மரப்பாலத்தின் மேல் காரை ஏற்றுவது சரிதானா, மலைச்சாலையில் இந்த வண்டி தாக்குப்பிடிக்குமா, எந்த வழியாகப் போனால் அலைச்சல் குறையும் என்பதைப் போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மரவேலைப் பித்தன்:

வணக்கம். பாலத்தின் வலிமையைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டிகள் போகவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டப்பட்டவை அந்தப் பாலங்கள். உங்கள் காரோ ஏறத்தாழ ஒரு டன் எடைதான். பாலத்தின் வாயிலில் எடை வரம்பையும் உயர வரம்பையும் எழுதிய பலகை இருக்கும். அந்த வரம்புகள் லாரிகளுக்குத்தான் தலைவலி, உங்களுக்கு அல்ல.

வெர்மான்டில் ஏறத்தாழ நூறு கூரைப் பாலங்கள் மிஞ்சியிருக்கின்றன. மூன்று நாளில் முப்பது பாலம் என்று எண்ணிக்கையைத் துரத்தினால் எதுவும் மனத்தில் நிற்காது. ஏழெட்டுப் பாலங்கள் போதும். நீங்கள் இருக்கும் பக்கத்திலிருந்து 7ஆம் எண் சாலையில் வில்லியம்ஸ்டவுன் வழியாக பென்னிங்டன் சென்றால், வாலூம்சாக் ஆற்றின் மேல் சில்க், பேப்பர் மில், ஹென்றி என்று மூன்று பாலங்கள் சில மைல்களுக்குள்ளேயே இருக்கின்றன. அங்கிருந்து 7ஏ சாலையில் ஆர்லிங்டன் போய் மேற்கே திரும்பினால், பேட்டன்கில் ஆற்றின் மேல் 1852இல் கட்டிய சிறிய சிவப்புப் பாலம் வரும். ஓவியர் நார்மன் ராக்வெல் சில ஆண்டுகள் குடியிருந்த வீடு அதை ஒட்டித்தான் இருக்கிறது.

பிறகு மான்செஸ்டர் வழியாக 30ஆம் எண் சாலையைப் பிடித்துக் கிழக்கே இறங்குங்கள். டவுன்ஷெண்டில் 1870இல் கட்டிய ஸ்காட் பாலம் வண்டிகளுக்கு மூடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. சாலையோரம் நிறுத்திவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். அதைத் தாண்டிப் பிராட்டில்பரோவை நெருங்கும்போது வெஸ்ட் டம்மர்ஸ்டன் பாலம் வரும். 1872இல் கட்டியது, 280 அடி நீளம். அதில் நீங்கள் தாராளமாக ஓட்டிச் செல்லலாம்.

ஒரு வேண்டுகோள். பாலத்தைக் கடந்தபின் வண்டியை நிறுத்தி, நடந்து உள்ளே வந்து பக்கச் சுவரைப் பாருங்கள். ஈத்தியல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் 1820இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. கனத்த உத்தரங்களைத் தேடாமல், சாதாரணப் பலகைகளைச் சாய்த்துக் கூடை பின்னுவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட வைத்து, குறுக்கிடும் இடங்களிலெல்லாம் துளையிட்டு ஓக் மர ஆணிகளை அடித்திருப்பார்கள். கைவிரல்களால் தடவினால் ஆணியின் தலை பலகை மட்டத்திலிருந்து சற்றே துருத்தி நிற்பது தெரியும். ஊர்த் தச்சர்களே கட்டக்கூடிய எளிய முறை என்பதால்தான் அது அவ்வளவு பரவியது.

குளம்படி:

பாலத்துக்குக் கூரை போட்டதே கீழே ஓடும் தண்ணீரைக் கண்டு குதிரைகள் மிரளக்கூடாது என்பதற்காகத்தான் என்று படித்திருக்கிறேன். அதையும் உங்கள் மனைவிக்குச் சொல்லுங்கள், சுவையாக இருக்கும்.

மரவேலைப் பித்தன்:

சுவையான கதைதான், ஆனால் காரணம் அதுவன்று. பாலத்தைத் தாங்குவது அந்தப் பக்கச் சட்டகம். மழையிலும் பனியிலும் நனைந்தால் மூட்டுகளில் ஈரம் தங்கிப் பத்துப் பதினைந்து ஆண்டில் மரம் உளுத்துவிடும். கூரையும் பக்கப் பலகையும் இருந்தால் அதே மரம் நூறாண்டு தாண்டும். குடை பயணிக்கு அல்ல, சட்டகத்துக்கு. இதனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு வண்டிகள் ஓட வேண்டுமே என்று, கூரைக்கு அடியில் உலர்ந்து கிடந்த தளத்தில் ஆள் வைத்துப் பனியை அள்ளிக் கொட்டினார்கள்.

நாலு சிலிண்டர்:

பாலத்தைப் பற்றி நண்பர் சொல்லிவிட்டார், நான் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். பதினோரு ஆண்டுகளாக மாடல் ஏ வைத்திருக்கிறேன்.

உங்கள் காரில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் உண்டு. ஆனால் அவை கம்பியும் நெம்புகோலும் இழுக்கும் மெக்கானிக்கல் பிரேக்குகள். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு ஃபோர்டு மாறியதே 1939 மாடலில்தான். நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்பு போய்விடும். ஆகவே ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய லாரி ஓட்டுநர்களின் விதியை அப்படியே பின்பற்றுங்கள். பற்கள் உரசாமல் கியர் விழ உதவும் சின்க்ரோமெஷ் இல்லாத கியர்பாக்ஸ் என்பதால், பாதி இறக்கத்தில் டபுள் கிளட்ச் போட்டு, அதாவது கிளட்சை இருமுறை மிதித்து, கியரைக் குறைக்கலாம் என்று நம்பி இருக்காதீர்கள்; உச்சியிலேயே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். மான்செஸ்டரிலிருந்து கிழக்கே புறப்பட்டவுடன் நீண்ட ஏற்றம் ஒன்று உண்டு. அதற்கு முன் ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்துக்கொள்ளுங்கள். பென்னிங்டனிலிருந்து நேராகப் பிராட்டில்பரோ போகும் 9ஆம் எண் சாலை குறுக்குவழிபோல் தோன்றும். அதன் ஏற்ற இறக்கங்கள் இந்த வண்டிக்கு ஆகாது. இன்டர்ஸ்டேட் 91 என்ற அதிவேக நெடுஞ்சாலையை நினைக்கவே வேண்டாம். மணிக்கு 40 மைல் வேகம், நாளுக்கு 80 மைல் தூரம் என்று வைத்துக்கொண்டால் வண்டியும் மகிழும், பின்னால் வருபவர்களும் பொறுத்துக்கொள்வார்கள்.

உண்மையான ஆபத்து பாலத்தின் வாயிலில்தான் இருக்கிறது. முதல் பயணத்தில், உச்சி வெயிலில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் ஒரு பாலத்துக்குள் நுழைந்தேன். மூன்று நான்கு வினாடிகள் எதுவும் தெரியவில்லை. எதிர் முனையில் வெள்ளைச் சதுரமாக வெளிச்சம், இடையில் கும்மிருட்டு. கண் பழகியபோது பத்தடி முன்னால் ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். வண்டி நின்றது, ஆனால் வேகம் பதினைந்துக்கு மேல் இருந்திருந்தால் நின்றிருக்காது. அன்று முதல் வாயிலில் முழுதாக நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, முன்விளக்கைப் போட்டு, ஒருமுறை ஹாரன் அடித்த பிறகே நுழைகிறேன். உங்கள் ஆறு வோல்ட் விளக்கு வழியைக் காட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது உங்களைப் பிறருக்குக் காட்டினால் போதும். பெரும்பாலான பாலங்கள் ஒருவழி அகலம்தான். முன்னால் நுழைந்தவர் வெளியே வரும்வரை காத்திருப்பது அங்கே வழக்கம்.

இன்னொன்று, படத்துக்காகப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தாதீர்கள். நம் வண்டிகள் எண்ணெய் சொட்டும் வகை. காய்ந்த பழைய பலகையில் விழும் எண்ணெய் ஊறி உள்ளே இறங்கும், துடைத்தால் போகாது.

சாலையோரம்:

இருவருக்கும் மிக்க நன்றி. 9ஆம் எண் சாலையைத்தான் நான் குறித்து வைத்திருந்தேன், மாற்றிவிட்டேன். மூன்றாம் நாள் பிராட்டில்பரோவிலிருந்து 5ஆம் எண் சாலையில் வடக்கே சென்று, வின்சரில் கனெக்டிகட் ஆற்றைக் கடக்கும் பெரிய பாலத்தையும் பார்த்துவிடலாமா? பாலத்தின் நடுவில் இரு மாநிலங்களின் எல்லை வரும் இடத்தில் மனைவி ஒரு படம் எடுக்க வேண்டும் என்கிறார். உள்ளே நிறுத்தக்கூடாது என்று இப்போது தெரிந்துகொண்டேன், நடந்து போய் எடுக்கிறோம்.

மரவேலைப் பித்தன்:

கட்டாயம் போங்கள். 1866இல் ஒன்பதாயிரம் டாலர் செலவில் கட்டிய கார்னிஷ் வின்சர் பாலம் அது. நீளம் ஏறத்தாழ 450 அடி, ஆற்றின் நடுவில் ஒரே ஒரு தூண். இங்கே பலகைக்குப் பதிலாகக் கனத்த சதுர மரங்களைக் கொண்டு பின்னியிருப்பார்கள். வெஸ்ட் டம்மர்ஸ்டனைப் பார்த்த கண்ணோடு போனால் வேறுபாடு உடனே புரியும். 1943வரை சுங்கம் வசூலித்தார்கள். குதிரையை நடத்திச் செல், இல்லையேல் இரண்டு டாலர் அபராதம் என்ற அறிவிப்பு வாயிலின் மேல் இன்றும் இருக்கிறது. குதிரைகள் ஒரே தாளத்தில் ஓடினால் பாலம் அதிரும் என்பதே காரணம். இரண்டு வண்டிகள் எதிரெதிரே போகும் அகலம் அதற்கு உண்டு. வேகத்தை மட்டும் குதிரை நடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லைப் படம்தான் சிக்கல். மாநில எல்லை ஆற்றின் நடுவில் இல்லை. வெர்மான்ட் கரையின் தாழ்நீர் மட்டமே எல்லை என்று 1933இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வின்சர் பக்கம் பாலத்தில் ஏறிச் சில அடி நடந்தாலே நியூஹாம்ப்ஷயரில் இருப்பீர்கள். நடுத்தூண் வரை நடக்காமல், வின்சர் வாயிலிலேயே படத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.