'டென்ஸ்' எண்களுக்கு என்ன பெயர்? அடர்த்தியா, இடைச்செறிவா, அண்டையிலியா? மூன்று ஊர்க்காரர்கள் பேசுகிறார்கள்.

காட்பாடி:

விகிதமுறு எண்களில், அதாவது பின்னமாக எழுதக்கூடிய எண்களில், எந்த இரண்டுக்கும் நடுவே இன்னோர் எண் உண்டு. இந்த 'டென்ஸ்' (dense) பண்பை அடர்த்தி என்று எழுதி வருகிறோம். அறிவியல் பாடத்தில் அடர்த்தி என்றால் நிறையைக் கன அளவால் வகுத்து வருவது. ஒரே பிள்ளை இரண்டையும் படிக்கிறது, குழம்புகிறது. 'இடைச்செறிவு' என்று மாற்றலாம் என்பது என் கருத்து. 3.1, 3.2 இரண்டுக்கும் நடுவே எண் தேட, வலப்பக்கம் ஒரு சுழி சேர்த்து 3.10, 3.20 என எழுதினால் 9 எண்கள் கிடைக்கும். இரண்டு சுழி சேர்த்தால் 99. கோடிக்குரிய 7 சுழியும் சேர்த்தால் 99,99,999. சுழி கூடக் கூட இடை செறிகிறது.

குடியாத்தம்:

இடையைப் பிடித்தீர்கள், சரி. செறிவுதான் இடிக்கிறது ஐயா. எங்கள் ஊர்க் கைலியில் பாவு நூலை எவ்வளவு நெருக்கினாலும் ஓர் இழைக்குப் பக்கத்து இழை உண்டு. உங்கள் 99,99,999 எண்களும் அப்படித்தான். 3.1-க்கு அடுத்தது 3.10000001 என்று பையன் எழுதிவிடுவான். இரண்டின் சராசரி 3.100000005 நடுவில் வந்து நிற்கும்போது விழிப்பான். கணினியில் வழங்கும் இரட்டைத் துல்லிய எண்முறையில்கூட 1-க்கு அடுத்த எண் என்று ஒன்று உண்டு. 1-ஐ 2-ஆல் 52 முறை வகுத்து வருவதை 1-உடன் கூட்டினால் அது. மிகச் செறிவு, ஆனாலும் நாம் பேசும் பண்பு அதில் இல்லை. நெருக்கம் எவ்வளவு என்பது இங்கே பேச்சே இல்லை; அடுத்தது இல்லை என்பதுதான் பேச்சு. முடிவிலி போல 'அடுத்திலி' எனலாமா?

ஆற்காடு:

பொருள் பொருந்துகிறது, இலக்கணம் இடறுகிறது. முடிவு, ஒப்பு போன்ற பெயர்களோடுதான் 'இலி' சேரும், 'அடுத்து' வினையெச்சம். 'அண்டை' பெயர்ச்சொல், அண்டை வீடு என்று எல்லார் வாயிலும் இருப்பது. 'அண்டையிலி' நன்றாக நிற்கும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 'டென்ஸ்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட பின்னங்களுக்குள் எதற்கும் அடுத்தது கிடையாது; ஆகவே அந்தக் கணம் (எண்களின் தொகுப்பு) அண்டையிலி. ஆனால் 2-க்கும் 3-க்கும் நடுவே அவற்றில் ஒன்றுகூட இல்லை. எண்கோட்டின் எந்த இடைவெளியை எடுத்தாலும் உறுப்பு இருந்தால் அது வேறு பண்பு. எண்கோட்டிலுள்ள எல்லா எண்களும் மெய்யெண்கள் என்பதால், அதற்கு 'மெய்யெண்களில் விரவிய கணம்' என்போம்.

நம் பழங்கணக்கிலேயே சான்று இருக்கிறது. முந்திரி 1/320, அதில் 320-இல் ஒரு பங்கு கீழ்முந்திரி, 1/1,02,400. இப்படியே 320-ஆல் வகுத்துக்கொண்டே போய், ஒவ்வொன்றின் முழுஎண் மடங்குகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது அண்டையிலி, மெய்யெண்களில் விரவியும் நிற்கும். ஆனால் 1/3 அதில் வரவே வராது, 320-இன் பகாக் காரணிகள் 2, 5 மட்டுமே. விரவி நின்றாலும் விடுபடும் எண்கள் உண்டு; ஆகையால் 'நிறைவு', 'தொடர்' என்ற வேர்களைக் கிட்டே சேர்க்காதீர்கள்.

காட்பாடி:

செறிவைக் கைவிடுகிறேன். வரையறையில் 'அளவு வரிசை' என்ற சொல் தவறாமல் வர வேண்டும். பின்னங்களை 1-ஆவது, 2-ஆவது எனப் பட்டியலிட முடியும்; மெய்யெண்களை அப்படிப் பட்டியலிட முடியாது என்று 1874-இல் கணிதவியலாளர் காண்டர் நிறுவினார். பட்டியல் போட்டால் அதில் அடுத்தது உண்டே என்று மாணவர் கேட்பார், கேட்பதும் நியாயம். எனவே இப்படி எழுதலாம்: "அளவு வரிசையில் எந்த இரண்டு உறுப்புகளுக்கு இடையிலும் மற்றோர் உறுப்பு இருக்கும் எண்கணம் அண்டையிலி."