சாய்வு நாற்காலியில் ஏழு மாதம்

திருநெல்வேலியிலிருந்து:

என் அப்பா பஸ் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். "இதயத்தின் பம்பிங், அதாவது ரத்தத்தைத் தள்ளும் திறன், இருபது சதவீதம்தான்" என்று எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்த டாக்டர் சொன்ன பிறகு ஒரே வருடத்தில் ஐந்து முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊசி போட்டு நீரை வடியவைப்பார்கள், நடந்து வீட்டுக்கு வருவார், மூன்று வாரத்தில் கால் மறுபடியும் வீங்கிவிடும். படுத்தால் மூச்சு முட்டும். அதனால் இரவெல்லாம் சாய்வு நாற்காலிதான்.

ஐந்தாவது முறை ஓர் இளம் டாக்டர் நோய் ஆதரவு சிகிச்சையைப் பற்றி, அதாவது தீராத நோயிலும் வேதனையைக் குறைக்கும் சிகிச்சையைப் பற்றிப் பேசினார். அம்மா அழுதுவிட்டார். "அது புற்றுநோய்க்காரர்களுக்கு அல்லவா? கைவிட்டுவிட்டார்களா?" எனக்கும் அதே எண்ணம்தான். வெளியே சொல்லவில்லை.

அந்தச் சிகிச்சைக்காக வீட்டுக்கு வந்த செவிலியர் இதய மாத்திரை ஒன்றைக்கூட நிறுத்தவில்லை. முதலில் கேட்டது எடை பார்க்கும் இயந்திரம். காலையில் சிறுநீர் கழித்ததும், காபிக்கு முன்பு, தினமும் எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே போன். டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தபடி நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டிக் கொடுப்போம். ஏறியது கொழுப்பு அல்ல, தண்ணீர் என்று ஐந்து முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தும் எங்களுக்கு யாரும் விளக்கியதில்லை. பிறகு அந்த அம்மா நேராக அடுப்பங்கரைக்குப் போய் அப்பள டப்பாவையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் எடுத்து வெளியே வைத்தார். அப்பா அவரை மன்னிக்க ஒரு வாரம் ஆனது.

நான்காவது வருகையில் அப்பா கேட்டார்: "தாயி, கடைசியில் மூச்சு முட்டித்தான் போவேனா?" எங்களிடம் ஒருநாளும் கேட்காத கேள்வி. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முட்டினால் அடக்குவதற்கு வழி இருக்கிறது ஐயா. எங்கே இருக்க விருப்பம், ஆஸ்பத்திரியிலா, வீட்டிலா?" அப்பா கையை நீட்டிக் காட்டினார். "இதில் இனி ஊசி குத்த இடமில்லை. வீடு போதும்."

மூச்சிரைப்பு அதிகமானபோது மிகச் சிறிய அளவில் மார்பின் என்ற வலி மருந்து கொடுத்தார்கள், மலச்சிக்கலுக்கு மருந்தும் சேர்த்து. எல்லோருக்கும் அது கேட்பதில்லையாம். அப்பாவுக்குக் கேட்டது. அதைவிட மேசை விசிறி கேட்டது! முகத்தில் காற்று பட்டால் மூச்சுத் திணறல் குறைவதாகத் தோன்றும் என்றார் செவிலியர். நான் நம்பாமல்தான் வாங்கினேன். ஏழு மாதத்தில் ஒரே ஒரு முறைதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கோயம்புத்தூரிலிருந்து:

உங்கள் அப்பாவிடம் ஒருவர் உட்கார்ந்து பேசியிருக்கிறார். எங்கள் அத்தைக்கு அது வாய்க்கவில்லை. நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஷாக் கொடுக்கும் கருவி வைத்திருந்தார்கள். துடிப்பு தாறுமாறாகும்போது உயிரைக் காப்பாற்றும் கருவிதான். இரண்டு வருடம் முன்பு காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் நினைவு தப்பிக்கொண்டிருந்த கடைசி இரவிலும் அது தன் வேலையைச் செய்தது. நான்கு முறை உடம்பு தூக்கிப்போட்டது. என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஷாக்கை மட்டும் அணைத்துவைக்கலாம், அறுவை சிகிச்சை வேண்டாம், வெளியிலிருந்தே கணினியால் மாற்றிவிடலாம், அணைத்தாலும் இதயம் அதனால் நின்றுவிடாது என்பதெல்லாம் காரியம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அவசரத்துக்கு அதன் மேல் காந்தம் வைத்தாலே பெரும்பாலான கருவிகளில் ஷாக் நிற்குமாம். பொருத்தும்போது ஒரு மணி நேரம் விளக்கியவர்கள் இதை ஏன் சொல்லவில்லை? கோபம் இன்னும் ஆறவில்லை. வீட்டில் யாருக்காவது இந்தக் கருவி இருந்தால், அவர் நன்றாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

சேலத்திலிருந்து:

என் கணவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்தான் என்று அளவு. தாகத்தில் சண்டை போடுவார். நாள் கணக்குக்கு ஒரு பாட்டிலில் அளந்து வைத்து, சின்ன டம்ளரில் கொடுக்கிறேன். இடையில் ஐஸ் துண்டு ஒன்று வாயில். ஐஸும் கணக்கில் சேரும். செவிலியர் வீட்டுக்கு வர யாரைக் கேட்க வேண்டும்? அந்த விசிறி எப்படிப்பட்டது?

திருநெல்வேலியிலிருந்து:

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள் அக்கா. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வரும் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. புற்றுநோய்க்கு மட்டும் என்று யாராவது சொன்னால் எழுந்து வராதீர்கள்.

விசிறி சாதாரண மேசை விசிறிதான். சுழலவிடாமல், மூக்கும் கன்னமும் காற்று வாங்கும்படி வையுங்கள். எங்களுடையது இப்போது அடுப்பங்கரையில் இருக்கிறது. அம்மா அதை யாருக்கும் இரவல் தருவதில்லை.