தரவு மையத்துக்கு நீர் இணைப்பு: ஆண்டு சராசரியை மட்டும் பார்த்து ஒப்புதல் தர வேண்டாம்

நகரக் குடிநீர் விநியோகத்தின் திட்டமிடல் பிரிவில் பணியாற்றும் என்னிடம், தரவு மையம் (இணையச் சேவைகளுக்கான கணினிகள் ஏராளமாக இயங்கும் கட்டடம்) ஒன்றுக்கு நீர் இணைப்பு கோரும் விண்ணப்பம் ஆய்வுக்கு வந்தது. நீர்த் தேவை என்ற கட்டத்தில், ஆண்டு மொத்தத்தை 365 ஆல் வகுத்துக் கிடைத்த ஒரே ஓர் எண் மட்டும் இருந்தது. அது நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றின் தேவையைப் போலத் தெரிந்ததால், கூட்டத்தில் பலர் உடனே ஒப்புதல் தரலாம் என்றே கருதினார்கள்.

நான் உச்ச நாள் தேவையை, அதாவது ஆண்டிலேயே மிக அதிக நீர் வேண்டியிருக்கும் நாளின் அளவைக் கேட்டேன். வெளிக்காற்றே போதுமான அளவு குளிர்ந்திருக்கும் நாள்களில், கணினிகளின் வெப்பத்தை நீரை ஆவியாக்கி வெளியேற்றும் குளிர்விப்புக் கோபுரத்துக்கு மிகக் குறைந்த நீரே வேண்டியிருக்கும். வெயில் உச்சத்தில் இருக்கும்போதுதான் அது முழு அளவில் இயங்கும். வீடுகளில் நீர்ப் பயன்பாடு கூடுவதும், கடைமடைப் பகுதிகளில் குழாய் அழுத்தம் விழுவதும் அதே நாள்களில்தான்.

விண்ணப்பதாரரின் பொறியாளர் என்னுடன் அமர்ந்து பொறுமையாகக் கணக்கிட்டார். ஒரு யூனிட் மின்சாரம் வெப்பமாக மாறினால், அதை ஆவியாதல் மூலம் வெளியேற்றச் சுமார் 1.5 லிட்டர் நீர் வேண்டும். 10 மெகாவாட் சுமை நாள் முழுவதும் இருந்தால் ஆவியாகிப் போவது மட்டும் ஏறத்தாழ 3.6 லட்சம் லிட்டர். நீர் ஆவியாகும்போது எஞ்சும் உப்பின் செறிவு, உள்ளே வரும் நீரில் இருப்பதைப் போல நான்கு மடங்கைத் தாண்டாமலிருக்கக் கோபுரத்திலிருந்து வெளியேற்றும் கழிவு நீரையும் சேர்த்தால் 4.8 லட்சம் லிட்டர் ஆகிறது. விண்ணப்பத்தில் இருந்த சராசரியைப் போல இது சில மடங்கு.

இந்த எண்ணை வெளியிட வேண்டாம் என்று விண்ணப்பதாரர் தரப்பு கேட்டுக்கொண்டதை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள தி டேல்ஸ் நகரில் கூகுளின் நீர்ப் பயன்பாடு நீதிமன்ற வழக்குக்குப் பிறகே வெளிவந்தது. 2021 இல் அது நகரின் மொத்தப் பயன்பாட்டில் கால் பங்கைத் தாண்டியிருந்தது. பொதுக் குழாயிலிருந்து எடுக்கும் நீரின் அளவு வணிக ரகசியமாக இருக்க முடியாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இறுதியில் உச்ச நாளுக்கு உச்சவரம்பு, மணிக்கு மணி பதிவாகும் மீட்டர், இரவில் நிரப்பிக்கொள்ளத் தனித் தொட்டி ஆகிய நிபந்தனைகளுடன், சில ஆண்டுகளில் சுத்திகரித்த கழிவுநீருக்கு மாற வேண்டும் என்பதையும் சேர்த்தோம். காற்றால் குளிர்விக்கும் முறையும் பேச்சில் வந்தது; மின்தேவை கூடுவதால் அவர்கள் தயங்கினார்கள். கழிவுநீரைப் பயன்படுத்துவதும் எளிதன்று. எங்கள் சுத்திகரிப்பு நிலைய வேதியியலாளர், பாஸ்பேட் படிந்து வெப்பப் பரிமாற்றிகள் அடைபடும் என்றும் அம்மோனியா செம்புக் குழாய்களை அரிக்கும் என்றும் எடுத்துக்காட்டினார். ஆகவே கூடுதல் சுத்திகரிப்பும் தனிக் குழாய்ப் பாதையும் வேண்டும்.

அந்தச் செலவை யார் ஏற்பது என்பதில்தான் பேச்சு இன்னும் நீடிக்கிறது. பயன்படுத்துபவரே முழுவதையும் ஏற்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. இத்தகைய ஒப்பந்தத்தை எழுதியவர்கள், குழாய்ப் பாதையின் பராமரிப்பை யார் பொறுப்பில் விட்டீர்கள் என்று தெரிவித்தால் எங்களுக்குப் பெரிதும் உதவும்.